போர்ச் செய்தி பார்த்துப் பார்த்து ஆய்வில் மனம் ஒட்டவில்லை, என்ன செய்வது?

கேள்வி: தருமபுரியில் முனைவர் பட்ட ஆய்வு மாணவன் நான். பென்னாகரம் வட்டாரத் தண்ணீரில் ஃபுளோரைடு பற்றி வேலை. காசா, உக்ரைன் என்று இரவெல்லாம் செய்தி பார்த்துவிட்டு, காலையில் ஆய்வகத்தில் கை ஓடுவதில்லை. இந்த நேரத்தில் என் ஆய்வு யாருக்கு வேண்டும் என்றும் தோன்றுகிறது. எப்படிச் சமாளிப்பது?

பதில்:

தம்பி, யார் பெற்ற பிள்ளையோ இடிபாட்டில் கிடப்பதைப் பார்த்து உங்களுக்குத் தூக்கம் போகிறது என்றால் அது கோளாறு இல்லை. ‘எங்கேயோ நடக்கிற சண்டை, நமக்கென்ன’ என்பவர்கள் ஊத்தங்கரைப் பக்கம் பாம்பாறு அணை முகாமை ஒருமுறை நினைக்கட்டும். போருக்குத் தப்பி வந்த ஈழத்துக் குடும்பங்கள் நம் பேருந்து போகிற தூரத்தில்தான் இருக்கின்றன. இரக்கத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. செய்தி உங்களுக்குள் வருகிற அளவையும் விதத்தையும் மாற்றச் சொல்கிறேன். இதைச் சுயநலம் என்று சொல்ல நாலு பேர் வருவார்கள், சொல்லட்டும்.

அமெரிக்காவில் 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பின் ஓர் ஆய்வு நடந்தது. குண்டு வெடித்த இடத்தில் இருந்தவர்களைவிட, அந்த வாரம் தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல் அதைப் பற்றிய செய்தியிலேயே கிடந்தவர்களிடம் மன உளைச்சல் அறிகுறிகள் அதிகமாக இருந்தன. நேரில் பட்டவருக்கு அந்தக் கணம் ஒருமுறை நடந்தது. காணொளி பார்ப்பவருக்கு அது நாற்பது முறை நடக்கிறது.

அதனால் செய்தியைப் படியுங்கள், பார்க்காதீர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் 20 நிமிடம், மாலை ஆறுக்கு 20 நிமிடம். இரவு எட்டுக்கு மேல் வேண்டாம். ஒரேயடியாக நிறுத்தினால் மூன்றாம் நாள் விடிய விடிய பார்த்துவிடுவீர்கள். வாரத்துக்கு வாரம் பாதியாகக் குறைத்து இந்த அளவுக்கு வாருங்கள். வாட்ஸ்அப்பில் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்தும்போது பலரும் மொபைல் டேட்டாவில் மட்டும் எடுத்துவிட்டு வைஃபையை விட்டுவிடுகிறார்கள். விடுதிக்குள் நுழைந்ததும் எல்லாம் இறங்கிவிடும். மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் மூன்றிலும் டிக்கை எடுங்கள். அலாரத்துக்கென்று தனியாக ஒரு கடிகாரம் வாங்கி, போனைக் கட்டிலுக்கு எட்டாத இடத்தில் சார்ஜ் போடுங்கள்.

‘நினைக்கவே கூடாது’ என்று மனத்தை அடக்கினால் அதுவேதான் திரும்பத் திரும்ப வரும். அதற்குப் பதில் கவலைக்கென்று ஒரு நேரம் ஒதுக்குங்கள். தினமும் மாலை ஐந்தரை, அதே நாற்காலி, ஒரு நோட்டு, அரை மணி நேரம். பகலில் எண்ணம் வந்தால் ஒரு வரி குறித்துவிட்டு மாலைக்குத் தள்ளுங்கள். இது 1980களிலிருந்து மனநல ஆலோசகர்கள் கையாளும் முறை. படுக்கையில் மட்டும் செய்யாதீர்கள், படுக்கை கவலைக்கான இடமாகிவிடும். நெஞ்சு அடைப்பது போலிருந்தால் நான்கு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுங்கள், ஐந்து நிமிடம். தலை சுற்றினால் ஆழமாக இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். மெதுவாக, கொஞ்சமாக இழுத்தால் போதும்.

இனி ஆய்வகம். மனம் கலங்கிய நாளில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று நல்ல நாளிலேயே எழுதி மேசையில் ஒட்டிவிடுங்கள். பாலித்தீன் குப்பிகளைக் கழுவுவது, லேபிள் ஒட்டுவது, மேற்கோள் பட்டியலைச் சரிபார்ப்பது, இவை தாராளமாகச் செய்யலாம். செந்தரக் கரைசல் (செறிவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்) நீர்த்தல், ஃபுளோரைடை அளக்கும் மின்முனையின் அளவுத்திருத்தம், வழிகாட்டிக்கு நீண்ட மின்னஞ்சல், இவை கூடாது. பத்து மடங்கு நீர்த்தலில் ஒரு படி தவறினால் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது 15 ஆகிவிடும். அன்று அளந்தே தீரவேண்டும் என்றால், 25 டிகிரியில் செறிவு பத்து மடங்கு மாறும்போது மின்முனை காட்டும் மின்னழுத்தம் 59 மில்லிவோல்ட் அளவில் மாறுகிறதா (இதுதான் சரிவு) என்று பாருங்கள். 50க்குக் கீழே போனால் மாதிரியைத் தொடாமல் மூடிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உலகத்தை நினைத்து வருகிற பயத்தில் பாதி, உதவித்தொகை வராத பயம். ஜேஆர்எஃப் என்கிற ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என்று ஏட்டில் இருக்கிறது. கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும்போது அறை வாடகையை யார் கொடுப்பது? அதற்கான நெட் தகுதித் தேர்வில் தேறாதவருக்கு அதுவும் இல்லை. பிள்ளைகளுக்கு மன உறுதி போதாது என்று கூட்டம் போட்டுப் பேசுகிறவர்கள் முதலில் பணத்தைத் தேதிக்குப் போடட்டும்.

இரண்டு வாரமாக அநேக நாளும் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமோ பசியோ கெட்டுவிட்டது என்றால், மேலே சொன்னதோடு நிற்காதீர்கள். 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அந்த நிமிடமே கூப்பிடுங்கள். நேரில் பார்க்க தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

ஆய்வு யாருக்கு என்று கேட்டீர்களே. பென்னாகரம் பக்கம் பழுப்புக் கறை படிந்த பல்லைக் கையால் மறைத்துச் சிரிக்கிற பிள்ளைக்கு. எட்டு வயதுக்குள் குடிக்கிற தண்ணீர்தான் நிரந்தரப் பல்லைக் கெடுக்கிறது. மாதிரியை இரண்டு முறை அளந்து, வழிகாட்டியிடம் காட்டிவிட்டு, அந்த ஊருக்கே போங்கள். எந்த அடிபம்பில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டுகிறது என்று அங்கன்வாடி அக்காவிடம் எழுதிக் கொடுங்கள். அதைத் துவைக்கவும் கழுவவும் வைத்துக்கொண்டு, குடிக்கவும் சோறாக்கவும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டத் தண்ணீரைப் பிடிக்கச் சொல்லுங்கள். காய்ச்சினால் சரியாகிவிடும் என்பார்கள். காய்ச்சினால் தண்ணீர்தான் வற்றும், ஃபுளோரைடு அப்படியே நின்று செறிவு ஏறும் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.