துபாய்ப் பணம் வாங்கலாம், அமெரிக்க மாமாவிடம்தான் கவனம்

நண்பரே, குளச்சலில் உங்கள் அறக்கட்டளை நடத்தும் மாலை வகுப்புக்குத் துபாயில் உள்ள ஊர்க்காரர்கள் பணம் அனுப்பினால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் மாட்டுவோமா என்று கேட்டிருந்தீர்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவர் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை மட்டும் வாங்கிக் கோப்பில் வையுங்கள். அமெரிக்கக் குடியுரிமை எடுத்துவிட்ட மாமாதான் சிக்கல். உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அவரிடம் நூறு ரூபாய்கூட வாங்காதீர்கள், எவ்வளவு கோபித்துக்கொண்டாலும் சரி.

உள்ளூரில் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கொடுத்தவருக்கு வரிச்சலுகை கிடைக்காது, காசோலையாகக் கேளுங்கள்.

குளச்சல் இருக்கும் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போது துறைமுகப் பக்கம் ரசீதுப் புத்தகத்தோடு போகவே வேண்டாம். அந்த இரண்டு மாத ஆசிரியர் சம்பளத்தை மே மாதத்திலேயே ஒதுக்கிவிடுங்கள்.