மான் வேட்டைக்கு மரத்தில் கமரா எதற்கு?

கனடாவில் வில்லால் மான் வேட்டைக்குப் போகும் உங்கள் மச்சான், மாதக்கணக்காக மரத்தில் கமரா கட்டி வைப்பது ஏன் என்று வெள்ளவத்தையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

துவக்கு என்றால் தூரத்திலிருந்தே சுடலாம். வில்லுக்கு மான் இருபது, முப்பது மீட்டருக்குள் வரவேண்டும். அதனால் எந்த ஒற்றையடிப் பாதையால், எத்தனை மணிக்கு வருகிறது என்று முன்கூட்டியே தெரியவேண்டும். உடல் வெப்பம் அசைவதை உணர்ந்து கமரா தானாகவே படம் எடுக்கும், நேரமும் பதிவாகும். இரவுப் படங்கள் மட்டுமே விழுந்தால் அந்த இடத்தால் பயனில்லை, விடிகாலையும் அந்தியும்தான் முக்கியம்.

கட்டுவதில்தான் சூட்சுமம். பாதைக்குக் குறுக்கே நேராக வைத்தால் வால் மட்டும்தான் கிடைக்கும், சரிவாக வையுங்கள். வடக்கைப் பார்த்திருந்தால் வெயில் கூசாது. முன்னால் உள்ள புல்லையும் வெட்டவேண்டும். நான் ஒருமுறை பத்தரமுல்லைப் பக்கச் சதுப்பில் மீன்பிடிப் பூனைக்காகக் கட்டிவிட்டு, கமராவின் நினைவக அட்டை நிறைய ஆடும் புல்லைத்தான் பார்த்தேன்! அப்புறம், அடிக்கடி போய்ப் பார்க்கக் கூடாது. மனித வாடை பட்டால் மான் பாதையை மாற்றிவிடும்.

இங்கே முயலவேண்டாம், இலங்கையில் மான் வேட்டை சட்டவிரோதம்.