பெரிய பெயரா, நல்ல மேற்பார்வையாளரா?

தம்பி, சுங்கை சிப்புட்டில் அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு ஆய்வுப் படிப்புக்குக் கோலாலம்பூர் பேராசிரியரிடம் போவதா, நிபோங் திபாலில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பொறியியல் வளாகத்தில் இளம் விரிவுரையாளரிடம் சேர்வதா என்று கேட்டிருந்தீர்கள். செம்பனை எண்ணெய் ஆலைக் கழிவுநீர்தான் ஆய்வுத் தலைப்பு என்றால் நான் நிபோங் திபாலைத்தான் முதலில் பார்ப்பேன். அந்தப் பழுப்புக் குழம்பு 80 டிகிரிக்கு மேல் சூடாக ஆலையை விட்டு வரும். மாதிரி எடுத்து நேரமானால் அதன் தன்மையே மாறிவிடும். ஆலையும் ஆய்வகமும் பக்கத்தில் இருப்பது சின்ன விஷயமில்லை.

ஆனால் ஆள் முக்கியம். என் முதல் மேற்பார்வையாளர் பெரிய பெயர்தான். இரண்டாம் ஆண்டிலேயே ஓய்வு பெற்றுப் போய்விட்டார். மறுபடி தலைப்பிலிருந்து தொடங்கினேன். வயிற்றெரிச்சல்! அதனால் ஓய்வு வயதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். ஆய்வு மானியம் எந்த மாதம் முடிகிறது, உதவித்தொகை அதிலிருந்துதான் வருமா என்பதையும் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்.

அப்புறம், நீங்கள் சேர நினைக்கும் மேற்பார்வையாளருடைய மாணவர் ஒருவரைத் தேநீருக்கு அழையுங்கள். வரைவு அத்தியாயம் கொடுத்தால் எத்தனை நாளில் திரும்பி வரும் என்று கேளுங்கள். அவர் சிரித்து மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.