"உன் மதம் என்ன சொல்கிறது?" என்று மட்டும் கேட்காதீர்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பிள்ளைகளின் கடவுள் நம்பிக்கையைப் பற்றியவை. உறுப்பு தானம், கருக்கலைப்பு, வென்டிலேட்டர் என்று வரும்போது அந்த நம்பிக்கை அவர்களை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். செவிலியர் மாணவர்களுக்கு மருத்துவ அறம் கற்பித்தவள் நான். வகுப்பில் இந்தக் கேள்விகளோடு நிறையவே மல்லுக்கட்டியிருக்கிறேன்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்துவிட்டு வந்தாள். "உடம்பு முழுசாப் போகணும், இல்லேன்னா அடுத்த பிறவியில் குறையோடு பிறப்பாய்" என்று என் மாமியார் அழுகிறார். "கண்ணப்பர் சாமிக்கே கண்ணைக் கொடுத்தாரே பாட்டி" என்கிறாள் இவள். இருவரும் கும்பிடுவது ஒரே சாமியைத்தான். யார் சொல்வது சரி?
— ஒரு தாய்

பதில்: நான் உங்கள் மகள் பக்கம். ஆனால் உங்கள் மாமியாரின் அழுகையை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடாதீர்கள். இறந்தவர் உடலை மரியாதையோடு அனுப்ப வேண்டும் என்ற தவிப்பு எல்லா மதத்தாரிடமும் இருக்கிறது. அது நல்ல தவிப்புதான்.

ஒரே மதத்துக்குள் இரண்டு பதில்கள் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. 1968இல் ஹார்வர்டு மருத்துவக் குழு மூளைச்சாவுக்கு (இதயம் கருவி உதவியோடு துடித்தாலும் மூளை மீளமுடியாமல் செயலிழந்த நிலை, உறுப்பு தானம் பெரும்பாலும் அப்போதுதான்) அளவுகோல் வகுத்த பிறகு, ஒவ்வொரு மதமும் தனக்குள் உட்கார்ந்து பேச வேண்டியதாயிற்று. 1986இல் ஜோர்டான் தலைநகர் அம்மானில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி என்ற மதச் சட்ட அறிஞர் அவை மூளைச்சாவை மரணமாக ஏற்றது. ஏற்க மறுக்கும் இஸ்லாமிய அறிஞர்கள் இன்றும் உண்டு. யூத மதகுருமாரான ரப்பிகளிடமும் இதே பிளவு இருக்கிறது. போப் இரண்டாம் ஜான் பால் 2000ஆம் ஆண்டில் மாற்று அறுவை மருத்துவர்களிடம் பேசியபோது, உறுப்பு தானம் அன்பின் செயல் என்றார். இப்படி வாதாடிய எல்லோரும் தங்கள் மதத்தை உயிராக மதித்தவர்கள்.

நம் பிள்ளைகளின் காதுக்கு இந்த வாதம் எதுவும் போய்ச் சேர்வதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். "நமக்கு இது கூடாது" என்ற ஒற்றை வரி போகிறது, அதையே நம்பிக்கை என்று நினைத்துக்கொள்கிறார்கள். உங்கள் மகள் தனக்குத் தெரிந்த ஒரு பக்திக் கதையை எடுத்து, அது தன்னிடம் என்ன கேட்கிறது என்று யோசித்திருக்கிறாள். நம்பிக்கை ஒரு பிள்ளைக்குச் சொந்தமாவது இப்படித்தான்.

ஒரு நடைமுறை விஷயம். பதிவு செய்திருந்தாலும், பல நாடுகளில் அந்த நேரத்தில் மருத்துவர்கள் குடும்பத்தாரைத்தான் கேட்பார்கள். அதனால் பாட்டியின் பயத்தை இப்போதே போக்க வேண்டும். உறுப்புகளை எடுத்த பிறகு உடலை ஒழுங்காகத் தைத்து மரியாதையோடு திருப்பித் தருவார்கள், கண் தானத்தால் முகம் விகாரமாகாது என்பதையெல்லாம் மகளே பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லட்டும்.

கேள்வி: நான் செவிலியர் மாணவி. என் நம்பிக்கைப்படி கருக்கலைப்பு பாவம். வகுப்பில் இதைச் சொன்னதும் "நீ பெண் உரிமைக்கு எதிரி" என்றார்கள். நம்பிக்கையை விடாமல் நான் நல்ல செவிலியர் ஆக முடியாதா அம்மா?
— பெயர் வேண்டாம்

பதில்: முடியும் மகளே. கருவும் ஓர் உயிர் என்று நினைத்து வருந்துகிறவளை எதிரி என்பது அநியாயம். பலவீனமான உயிரின் மேல் உனக்கு இருக்கும் அக்கறையை விட்டுவிடாதே. உன் தொழிலுக்கு அது வேண்டும்.

இனி உரிமைக்கு வருவோம். பிரிட்டனின் 1967 கருக்கலைப்புச் சட்டத்தில் நான்காவது பிரிவு இருக்கிறது. மனசாட்சி இடம் கொடுக்காதவர் அந்தச் சிகிச்சையில் பங்கேற்க வேண்டியதில்லை என்கிறது. அதே பிரிவு, தாயின் உயிரைக் காக்கவோ நிரந்தரமான பெருங்கேட்டைத் தடுக்கவோ தேவைப்பட்டால் இந்த விலக்கு செல்லாது என்றும் சொல்கிறது. கிளாஸ்கோவில் கத்தோலிக்க மகப்பேறு செவிலியர் இருவர், கருக்கலைப்பு நடக்கும் வார்டில் பணியாட்களை நியமிப்பது, மேற்பார்வை பார்ப்பது போன்ற வேலைகளும் தங்களுக்கு வேண்டாம் என்று வழக்குத் தொடுத்தார்கள். 2014இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. சிகிச்சையில் நேரடியாகக் கை வைப்பதற்கு மட்டும்தான் விலக்கு என்றது. எனக்கு அந்தத் தீர்ப்பு சரியாகவே படுகிறது. உன் கையை விலக்கிக்கொள்ள உனக்கு உரிமை உண்டு, அந்தப் பெண்ணின் வழியை மறிக்க உரிமை இல்லை.

அதனால், உன் நாட்டுச் சட்டம் எந்த அளவுக்கு விலக்கு தருகிறது என்று படி. வேலையில் சேரும்போதே பொறுப்பாளரிடம் சொல்லிவிடு. நோயாளியின் கட்டிலருகே நின்று சொல்லாதே, முகத்திலும் காட்டாதே. கருக்கலைப்புக்குப் பிறகு ரத்தப்போக்கோடு ஒருத்தி வந்தால் அவள் உன் நோயாளி. அங்கே மனசாட்சி விலக்கு என்ற பேச்சே கிடையாது.

அப்புறம், மற்ற மதங்களையும் கொஞ்சம் படி. கரு உண்டான கணத்திலிருந்தே அதை முழு மனித உயிராக மதிக்க வேண்டும் என்பது கத்தோலிக்க போதனை. இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் பலர் 120 நாளை உயிர் ஊதப்படும் எல்லையாகக் கொள்கிறார்கள். பிரசவம் தாயின் உயிருக்கு ஆபத்தானால் அவள் உயிரே முதலில் என்பது யூத மரபு. உன் பக்கத்து பெஞ்சில் இருப்பவளும் உன்னைப் போலவே பக்தியுள்ளவளாக இருந்து, வேறு முடிவுக்கு வந்திருக்கலாம். இன்னொன்றையும் கேட்டுப் பார்: பிறந்த பிறகு, ஊனத்தோடு வளரும் குழந்தைக்கும் ஆதரவற்ற தாய்க்கும் நீ என்ன செய்ய வேண்டும் என்கிறது உன் நம்பிக்கை?

கேள்வி: பக்தி கூடக் கூட, மாணவர்களிடம் அடுத்தவர் உரிமையை மதிக்கும் குணம் குறையுமா?
— ஓர் ஆசிரியர்

பதில்: எவ்வளவு பக்தி என்பதை விட எப்படிப்பட்ட பக்தி என்று பாருங்கள். உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட், மைக்கேல் ராஸ் இருவரும் 1967இல் அமெரிக்கத் தேவாலயங்களுக்குப் போவோரிடம் இதை ஆராய்ந்தார்கள். அந்தஸ்துக்கும் ஆறுதலுக்கும் மதத்தைப் பயன்படுத்துகிறவர்களிடம் பிற இனத்தார் மீது வெறுப்பு அதிகம் இருந்தது. மதத்தை வாழ்க்கையாகவே வாழ்கிறவர்களிடம் அது குறைவு. மதம் பற்றிய எல்லாக் கேள்விக்கும் யோசிக்காமல் 'ஆமாம்' போட்டவர்களிடம்தான் மிக அதிகம்! உங்கள் வகுப்பில் கவலைப்பட வேண்டியது அந்த 'ஆமாம்' பற்றித்தான்.

1948இல் ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனம் விவாதத்துக்கு வந்தபோது, மதம் மாறும் உரிமையைச் சொல்லும் 18ஆம் பிரிவை சவூதி அரேபியா எதிர்த்தது, கடைசியில் வாக்களிக்கவில்லை. பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர் ஸஃப்ருல்லா கான் குர்ஆனையே ஆதாரம் காட்டி அதே பிரிவை ஆதரித்தார். வேதம் ஒன்றுதான். இந்த நிகழ்ச்சியை மாணவர்களிடம் சொல்லி, ஏன் இப்படி ஆனது என்று அவர்களையே பேச விடுங்கள்.

கேள்வி: என் மகனின் நண்பன் யெகோவாவின் சாட்சிகள் (ரத்தம் ஏற்றுவதை மறுக்கும் கிறிஸ்தவப் பிரிவு) குடும்பத்துப் பையன், வயது 15. ஆபரேஷன் என்றாலும் ரத்தம் ஏற்றக் கூடாது என்கிறான். அவன் முடிவை ஏற்கத்தான் வேண்டுமா?
— ஒரு தந்தை

பதில்: பெரியவர் ஒருவர் சொன்னால் ஏற்கத்தான் வேண்டும், நமக்கு எவ்வளவு வலித்தாலும். பதினைந்து வயதுக்கு அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது. கனடாவில் இதே மதத்தைச் சேர்ந்த 14 வயதுப் பெண்ணுக்கு நீதிமன்ற உத்தரவின் பேரில் ரத்தம் ஏற்றினார்கள். 2009இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அப்படி உத்தரவிட இடம் தரும் சட்டம் செல்லும் என்றது. ஆனால் பிள்ளையின் முதிர்ச்சி கூடக் கூட அதன் சொல்லுக்கு எடை கூட வேண்டும் என்றும் சொன்னது. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையிலும் இந்த இரண்டு பக்கமும் உண்டு: 12ஆம் பிரிவு பிள்ளையின் கருத்தைக் கேட்கச் சொல்கிறது, 6ஆம் பிரிவு அதன் உயிரைக் காக்கச் சொல்கிறது. அந்தப் பையனிடம் பெற்றோரும் சபையாரும் இல்லாத அறையில், கனிவான மருத்துவர் ஒருவர் பேச வேண்டும். ரத்தமில்லாமல் செய்யக்கூடிய வழிகள் இருக்கிறதா என்றும் முதலில் பார்க்க வேண்டும். உயிருக்கே ஆபத்து என்ற நிலை வந்தால், அந்த வயதில், ரத்தம் ஏற்றிக் காப்பாற்றச் சொல்கிறவள் நான்.

கேள்வி: தானமாகப் பெற்ற விந்தணு மூலம் குழந்தை பெறுவதை மதங்கள் எதிர்ப்பது பிற்போக்குத்தனம் இல்லையா?
— இளம் வாசகர்

பதில்: எல்லாரும் எதிர்ப்பதில்லை தம்பி. கணவன் மனைவிக்கு வெளியே மூன்றாமவர் கூடாது என்று எகிப்தின் இஸ்லாமியக் கல்விப் பீடமான அல்-அஸ்ஹர் 1980இல் சொன்னது. ஈரானின் உச்ச மதத் தலைவராக இருந்த காமெனி 1999இல் அனுமதி கொடுத்தார். எதிர்ப்பவர்களின் கவலை, பிள்ளைக்குத் தன் வம்சம் தெரியாமல் போகுமே என்பது. மதத்தோடு சம்பந்தமே இல்லாமல் ஸ்வீடனும் இதே கவலைக்குச் செவி கொடுத்தது. தானம் செய்தவர் யார் என்று வளர்ந்த பிள்ளை தெரிந்துகொள்ளும் உரிமையைத் தரும் சட்டம் 1985இல் அங்கே நடைமுறைக்கு வந்தது. உங்களோடு உடன்படாதவர் எதைக் காக்க நினைக்கிறார் என்று கேட்டுவிட்டு அப்புறம் வாதாடுங்கள்.

கேள்வி: படுக்கையில் இருக்கும் என் அப்பாவுக்கு, நிலைமை மோசமானால் வென்டிலேட்டர் வேண்டாம் என்று நினைக்கிறோம். அது கொலைக்குச் சமம், பாவம் என்று என் 17 வயது மகன் சண்டை போடுகிறான்.
— ஒரு வாசகி

பதில்: தாத்தா மேல் எவ்வளவு பாசம் அந்தப் பிள்ளைக்கு! அவனிடம் கோபப்படாதீர்கள். 1957லேயே போப் பன்னிரண்டாம் பயஸ், அசாதாரணமான சிகிச்சைகளை எப்படியாவது தொடர வேண்டும் என்ற கடமை இல்லை என்று மயக்க மருத்துவர்களிடம் சொல்லியிருக்கிறார். இஸ்ரேலில், ஓடும் கருவியை நிறுத்துவதை யூத மதச் சட்டம் ஏற்காது என்பதால், 2005இல் வந்த சட்டம் வென்டிலேட்டரில் டைமர் வைக்கும் ஏற்பாட்டுக்கு வழி செய்தது. நேரம் முடிந்தால் மறுபடி தொடர்வதா என்று அப்போது முடிவு செய்யலாம். இப்படியெல்லாம் யோசித்தவர்கள் பாவத்துக்குப் பயந்தவர்கள்தான் என்று மகனிடம் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் கடிதத்தில் அப்பா என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. அவருக்கு நினைவு இருக்கிறது, பேச முடிகிறது என்றால், மகனையே அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள்.