ஏழரைக் கட்டை எங்கே?

கே: என் மகளுக்குச் சுருதி ‘ஐந்தரைக் கட்டை’ என்கிறார் பாட்டு டீச்சர். அது என்ன கட்டை?

ப: ஆர்மோனியத்தில் விரல் வைத்து அழுத்துகிறோமே, அதே கட்டைதான். வெள்ளைக் கட்டைகள் 1 முதல் 7 வரை. மேற்கத்திய இசையில் அவையே ஸி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி. நடுவில் வரும் கறுப்புக் கட்டைக்கு ‘அரை’ சேர்த்துக்கொள்வோம். ஆக, உங்கள் மகளின் சுருதி, அதாவது பாட்டுக்கு அடிப்படையான ‘ஸ’, ஜி ஷார்ப்பில் (ஜி-க்கு அடுத்த கறுப்புக் கட்டையில்) இருக்கிறது. பெண்களுக்குப் பெரும்பாலும் 5, 6 பக்கமும் ஆண்களுக்கு 1, 2 பக்கமும் அமையும், சட்டமெல்லாம் இல்லை. கீழே மந்திர ஸ்தாயி (கீழ்ச் சுற்று) பஞ்சமம் (‘ப’), மேலே தார ஸ்தாயி (மேல் சுற்று) பஞ்சமம், இரண்டும் தொண்டையைப் பிழியாமல் வந்தால் அதுதான் அவள் சுருதி. அக்கம்பக்கத்துப் பிள்ளையின் கட்டையோடு ஒப்பிடாதீர்கள்.

கே: மூன்றரைக் கட்டை என்று யாருமே சொல்வதில்லையே?

ப: 3-க்கும் 4-க்கும் இடையில் கறுப்புக் கட்டையே கிடையாது. ஏழரையும் அப்படித்தான், அது சனிக்கு மட்டும்.

கே: சதுஸ்ருதி ரிஷபமும் (ஒரு வகை ‘ரி’) சுத்த காந்தாரமும் (ஒரு வகை ‘க’) ஒரே இடமாமே. எதற்கு இரண்டு பெயர்?

ப: மேளகர்த்தா ராகத்தில், அதாவது தாய் ராகத்தில், ஏழு ஸ்வரமும் வந்தாக வேண்டும், ஒன்றை இரண்டு தடவை சொல்லக் கூடாது. 1-ஆம் கட்டையில் ‘ஸ’ வைத்துக் கனகாங்கி ராகம் வாசித்துப் பாருங்கள். ஒன்றரையை ‘ரி’ என்று சொல்லியாயிற்று. அடுத்து வரும் 2-ஐ ‘க’ என்றுதானே சொல்ல முடியும்? அதுதான் சுத்த காந்தாரம். சங்கராபரணத்தில் ஒன்றரை வராது, அதே 2-ஆம் கட்டை ‘ரி’ ஆகிவிடும். நாட்டையில் கதை தலைகீழ்: 3-ஆம் கட்டை அந்தர காந்தாரமாக உட்கார்ந்துகொள்வதால், இரண்டரை ஷட்ஸ்ருதி ரிஷபமாகிறது. இப்படித்தான் 12 இடங்களுக்கு 16 பெயர்கள்.

கே: சுருதிப் பெட்டி ஆப்பில் ‘ஏ 440’ என்று இருக்கிறது. தாத்தாவின் ஆர்மோனியம் அதோடு சேரவில்லை.

ப: ஆறாம் கட்டை, அதாவது ‘ஏ’, நொடிக்கு 440 தடவை அதிர வேண்டும் என்று 1939-இல் லண்டனில் கூடிப் பேசி வைத்தார்கள். பழைய ஆர்மோனியப் பெட்டிகள் அதற்குச் சற்று ஏறியோ இறங்கியோ இருக்கும். ஆப்பைப் பெட்டிக்கு ஏற்றபடி நகர்த்துங்கள், பெட்டிக்குள் அதிரும் உலோக நாக்கான ரீடைச் சுரண்ட வேண்டாம். அப்புறம் இன்னொன்று. ‘ஸ’ 440 என்றால் சுத்தமான ‘ப’ 660. ஆர்மோனியத்திலோ அது 659 சொச்சம். தம்புராவையும் பெட்டியையும் சேர்த்து வைத்து உற்றுக் கேளுங்கள், பஞ்சமம் மெல்ல அலையடிக்கும்.