1950-களின் அமெரிக்காவில் எல்லாம் மலிவா? ஒருவர் சம்பளத்தில் குடும்பம் ஓடியதா?

கேள்வி இது: "1955-ல் அமெரிக்காவில் ஹாம்பர்கர் 15 சென்ட், தபால்தலை 3 சென்ட், கோக் 5 சென்ட், சொந்த வீடு 8,000 டாலர் என்று ஒரு பட்டியல் வாட்ஸாப்பில் சுற்றுகிறது. இதெல்லாம் உண்மையா? ஒரே ஒருவர் சம்பளத்தில் குடும்பம் வசதியாக ஓடியதா? அந்தக் காலத்தில் அங்கே போய் குடியேறியிருந்தால் நன்றாக இருந்திருக்குமா?"

பட்டியலில் இருக்கும் விலைகள் பெரும்பாலும் உண்மைதான். அதில் இல்லாதது சம்பளம். விலையை மட்டும் எழுதிவிட்டுச் சம்பளத்தை விட்டுவிட்டால் எந்தக் காலமும் பொற்காலமாகத்தான் தெரியும். லைஃப் என்ற அமெரிக்கப் பத்திரிகையின் பழைய இதழ்கள் கூகுள் புக்ஸில் முழுசாகக் கிடைக்கின்றன. அவற்றின் விளம்பரப் பக்கங்களைப் புரட்டுவது எனக்குப் பிடித்த வேலை. ஒரு விலையைப் பார்த்ததும் நான் கேட்பது ஒன்றுதான்: இதை வாங்க ஒருவர் எவ்வளவு நேரம் வேலை செய்திருப்பார்?

1950-ல் அமெரிக்கத் தொழிற்சாலைத் தொழிலாளியின் சராசரிச் சம்பளம் மணிக்கு 1 டாலர் 44 சென்ட். அந்த வருடம் ஒரு டஜன் முட்டை 60 சென்ட், அதாவது 25 நிமிட உழைப்பு. ஒரு பவுண்டு காப்பித்தூள் 79 சென்ட், அரை மணி நேரத்துக்கும் மேல். இன்றைய தொழிலாளி, முட்டை விலை தாறுமாறாக ஏறாத நாட்களில், பத்து நிமிடத்துக்குள் ஒரு டஜன் முட்டைக்குச் சம்பாதித்துவிடுவார். 1950-ல் ஒரு நகர்ப்புறக் குடும்பத்தின் செலவில் கிட்டத்தட்ட 30 சதவீதம் சாப்பாட்டுக்கே போனது. இன்று அது 13 சதவீதம் அளவில் இருக்கிறது. பெட்ரோல் கேலன் 27 சென்ட் என்றதும் பலரும் பெருமூச்சு விடுகிறார்கள். விலைவாசி உயர்வைக் கணக்கில் எடுத்தால் அது இன்றைய மூன்றரை டாலர். இன்றும் அங்கே ஏறத்தாழ அதே விலைதான்.

கோக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1886-ல் அட்லாண்டாவில் ஒரு மருந்துக்கடையில் 5 சென்ட்டுக்கு விற்கத் தொடங்கிய பானம், எழுபது வருடத்துக்கு மேல் அதே விலையில் நின்றது. நடுவில் இரண்டு உலகப்போர்கள், ஒரு பெரும் பொருளாதார மந்தம். இது கம்பெனியின் தாராள மனசு என்று நினைத்துவிட வேண்டாம். 1899-ல் பாட்டிலில் அடைத்து விற்கும் உரிமையை இரண்டு வக்கீல்களுக்கு எழுதிக் கொடுத்தபோது, கோக் தயாரிக்கக் கம்பெனி அவர்களுக்கு விற்கும் இனிப்புச் சாறான சிரப்பின் விலையையும் காலவரையறை இல்லாமல் நிர்ணயித்துவிட்டார்கள். கடைக்காரரோ பாட்டில்காரரோ விலையை ஏற்றினால் கம்பெனிக்கு ஒரு பைசா லாபமில்லை, விற்பனைதான் குறையும். அதனால் சுவர், பலகை, பத்திரிகை என்று எல்லா இடத்திலும் '5 சென்ட்' என்றே விளம்பரம் எழுதி வைத்தார்கள். அந்த ஒப்பந்தம் பின்னால் மாறியது. அதற்குள் இன்னொரு சிக்கல் வந்துவிட்டது. காசு போட்டால் பாட்டில் தரும் இயந்திரங்கள் நாடெங்கும் நின்றன. அவை 5 சென்ட் நாணயத்தை மட்டுமே ஏற்கும். அடுத்த பெரிய நாணயம் 10 சென்ட். விலையை ஏற்றினால் ஒரே அடியாக இரண்டு மடங்கு ஆகிவிடும். 1953-ல் கோகோ கோலா தலைவர் ராபர்ட் உட்ரஃப், அதிபர் ஐசனோவரிடம் 7½ சென்ட் நாணயம் ஒன்றை அச்சடிக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தார். அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. 1959 வாக்கில்தான் 5 சென்ட் கோக் முழுசாக மறைந்தது. அந்தப் பாட்டிலும் இன்றைய அளவு இல்லை, 190 மில்லிதான்.

நியூயார்க் சப்வே என்ற சுரங்க ரயிலின் கட்டணக் கதையும் இதே மாதிரிதான். 1904-ல் திறந்தபோது 5 சென்ட், 1948 வரை 5 சென்ட். அப்புறம் 10 சென்ட். 1953-ல் 15 சென்ட்டாக ஏற்றியபோது நுழைவாயில் இயந்திரத்தால் இரண்டு வகை நாணயங்களைச் சேர்த்து வாங்க முடியவில்லை. அதற்காகவே டோக்கன் என்ற தனி வில்லையை அறிமுகப்படுத்தினார்கள். மாறாத விலை என்று நாம் வியப்பதற்குப் பின்னால் இப்படி ஒரு இயந்திரமோ, பழைய ஒப்பந்தமோ பல நேரம் இருந்திருக்கிறது.

சரி, 15 சென்ட் ஹாம்பர்கர். கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் மெக்டொனால்டு சகோதரர்கள் 1948-ல் தங்கள் கடையை மாற்றி அமைத்தார்கள். கார் அருகே வந்து பரிமாறும் பெண்களை எடுத்துவிட்டார்கள். தட்டு, கரண்டி கிடையாது, காகிதப் பைதான். ஒன்பது பண்டங்கள் மட்டும். அதனால்தான் அந்த விலை சாத்தியமானது. 1955 ஏப்ரலில், பின்னாளில் மெக்டொனால்ட்ஸை உலகமெங்கும் கொண்டுபோன ரே கிராக் இல்லினாய் மாநிலத்தின் டெஸ் பிளெய்ன்ஸில் கடை திறந்தபோதும் அதே 15 சென்ட். அன்று கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 75 சென்ட், மறுவருடம் 1 டாலர். 1956-ன் அந்த 1 டாலரின் வாங்கும் சக்தி, 2009 முதல் மாறாமல் இருக்கும் 7 டாலர் 25 சென்ட்டை விட அதிகம். இது உண்மை, இன்றைய அமெரிக்கர்கள் இதற்காகக் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கடையில் ஹாம்பர்கர் சுட்ட பையனுக்கு அந்தக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தவே இல்லை. உணவகத் தொழிலாளிகளும் பண்ணைக் கூலிகளும் 1966 திருத்தத்துக்குப் பிறகுதான் அதற்குள் வந்தார்கள். வீட்டு வேலைக்காரர்கள் 1974 வரை காத்திருந்தார்கள்.

இப்போது வீடு. இதில்தான் பட்டியல் சொல்வதில் மிகப் பெரிய உண்மையும் இருக்கிறது, மிகப் பெரிய மறைப்பும் இருக்கிறது.

நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு வயல்களாக இருந்த நிலத்தில், 1947 முதல் 1951 வரை லெவிட் கம்பெனி 17,000-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. தொழிற்சாலையில் கார் நகரும், ஆள் நிற்பார். இங்கே வீடு நிற்கும், ஆட்கள் நகர்வார்கள். ஒரு குழு தளம் போடும், அடுத்தது மரச்சட்டங்களை நிறுத்தும், இன்னொன்று வண்ணம் மட்டும் அடிக்கும். உச்சத்தில் ஒரே நாளில் 30 வீடுகள் முடிந்தன. 1949 மாதிரி வீடு 7,990 டாலர், சமையலறையில் வாஷிங் மெஷினோடு. 1950 மாதிரியில் சுவருக்குள்ளேயே டிவி. போரிலிருந்து திரும்பிய ராணுவ வீரருக்கு முன்பணம் கிடையாது, அரசாங்க உத்தரவாதத்தில் கடன், மாதம் 58 டாலர் கட்டினால் போதும். அன்றைய நடுத்தரக் குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைப் போல இரண்டரை மடங்கில் ஒரு சொந்த வீடு! இன்று சராசரி வீட்டுக்கு ஐந்து மடங்கு ஆகிறது. இந்த ஒரு விஷயத்தில் அந்தத் தலைமுறை கொடுத்து வைத்தவர்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

வீடு எப்படி இருந்தது? ஆரம்ப வீடுகள் 750 சதுர அடி. இரண்டு படுக்கையறை, ஒரே குளியலறை, கார் நிறுத்தக் கொட்டகை கிடையாது, மாடி அரைகுறையாக விடப்பட்டிருக்கும். வேலி போடக்கூடாது, வார இறுதியில் வெளியே துணி காயப்போடக்கூடாது என்றெல்லாம் விதிகள். இன்று அங்கே போனால் எல்லா வீடுகளையும் இழுத்துக் கட்டி, உயர்த்திக் கட்டி, பழைய வடிவத்தில் ஒன்றைத் தேடிப் பிடிப்பதே சிரமம்.

இதைவிடப் பெரிய விதி வேறு. வெள்ளையர் அல்லாதவர் யாரும் இந்த வீட்டில் குடியிருக்கக் கூடாது, வீட்டு வேலைக்காரர் தவிர, என்று லெவிட் ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். 1948-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்திலிருந்து அந்த வாசகம் போனது, வழக்கம் போகவில்லை. கறுப்பினத்தவருக்கு விற்க மாட்டோம் என்றே கம்பெனி நின்றது. 1957-ல், இதே கம்பெனி பென்சில்வேனியாவில் கட்டிய லெவிட்டவுன் குடியிருப்பில் மையர்ஸ் என்ற கறுப்பினக் குடும்பம், முன்பே குடியிருந்த ஒருவரிடமிருந்து வீடு வாங்கிக் குடிவந்தது. நாள் கணக்கில் வாசலில் கூட்டம் கூடியது, ஜன்னலில் கல் விழுந்தது. ராணுவ வீரர்களுக்கான கடனும் சட்டப்படி எல்லோருக்கும் பொதுதான். ஆனால் 1947-ல் மிசிசிப்பியின் நகரங்களில் எடுத்த கணக்கில், அப்படி வழங்கப்பட்ட 3,200-க்கும் மேற்பட்ட கடன்களில் கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தது இரண்டு. ஒரே போரில் போரிட்டுவிட்டு வந்தவர்களுக்கு நடந்தது இது. அந்த 7,990 டாலர் வீடு பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சொத்தானது. வாங்க விடாதவர்களின் பிள்ளைகளுக்கு அது இல்லை. இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும்.

விலை ஒன்றாக இருந்தாலும் கிடைப்பது வேறாக இருந்ததற்கு இன்னொரு உதாரணம், அலபாமாவின் மாண்ட்கோமரி நகரப் பேருந்து. கட்டணம் எல்லோருக்கும் 10 சென்ட். கறுப்பினப் பயணி முன்வாசலில் ஏறிக் காசைப் போட்டுவிட்டு, பல நேரம் இறங்கிச் சுற்றிப் போய் பின்வாசலில் ஏற வேண்டியிருந்தது. 1955 டிசம்பரில், வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் கைதான பிறகு, ஒரு வருடத்துக்கு மேல் அந்த நகரத்துக் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறவே இல்லை.

ஏழ்மையும் நாம் படங்களில் பார்ப்பதைவிட அதிகம். 1950 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட வீடுகளில் குழாயில் சுடுதண்ணீர், தனிக் கழிப்பறை, குளியல் வசதி மூன்றும் சேர்ந்து இருக்கவில்லை. தொலைபேசி பத்தில் ஆறு வீட்டில்தான், அதிலும் நிறையப் பேருக்கு அக்கம்பக்கத்தாரோடு பகிர்ந்துகொள்ளும் லைன்.

பொழுதுபோக்கில் மட்டும் மாற்றம் மின்னல் வேகம். 1950-ல் பத்தில் ஒரு வீட்டில்கூட டிவி இல்லை. 1960-ல் பத்தில் ஒன்பது வீட்டில் பக்கம். தொடக்கத்தில் ஒரு சாதாரண டிவி 200 டாலர், மூன்றரை வாரச் சம்பளம். 1954-ல் வந்த ஆர்சிஏ கம்பெனியின் முதல் வண்ண டிவி 1,000 டாலர். 1953 ஜனவரி 19 அன்று 'ஐ லவ் லூசி' தொடரில் லூசிக்குக் குழந்தை பிறந்ததை 4 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். மறுநாள் ஐசனோவர் பதவியேற்றதைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. 1954 கடைசியில் 49 டாலர் 95 சென்ட்டுக்கு முதல் பாக்கெட் டிரான்சிஸ்டர் ரேடியோ வந்தது. அதுவரை வீட்டுக் கூடத்தில் அப்பா வைத்ததுதான் பாட்டு. அப்புறம் பிள்ளைகள் தனியே கேட்க ஆரம்பித்தார்கள். ராக் அண்ட் ரோல் பரவியதில் அந்தக் குட்டிப் பெட்டிக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒரு பட்டியலிலும் வராத ஒன்று, போலியோ பயம். 1952-ல் மட்டும் ஏறத்தாழ 58,000 பேருக்கு நோய் வந்தது, 3,000-க்கும் மேல் இறந்தார்கள். கோடை வந்தால் நீச்சல் குளங்களை மூடினார்கள். எனக்குத் தெரிந்த ஒரு அமெரிக்கப் பெரியவர், சிறு வயதில் ஜூன் மாதம் பிறந்தாலே அம்மாவின் முகம் மாறிவிடும் என்று சொல்லியிருக்கிறார். சினிமாவுக்குப் போக விடமாட்டாராம். 1955 ஏப்ரல் 12 அன்று சால்க் தடுப்பூசி வேலை செய்கிறது என்று அறிவித்ததும் ஊர் ஊராகத் தேவாலய மணிகளை அடித்தார்கள். எந்த விலைப் பட்டியலை விடவும் அந்த ஒரு நாள் அந்தக் காலத்தைப் புரியவைக்கும்.

ஒருவர் சம்பளத்தில் குடும்பம் ஓடியதா? பலருக்கு ஓடியது. காரணம் தொழிற்சங்கம். அன்று மூன்றில் ஒரு தொழிலாளி சங்கத்தில் இருந்தார். 1950-ல் ஜெனரல் மோட்டார்ஸும் கார்த் தொழிலாளர் சங்கமும் போட்ட ஐந்து வருட ஒப்பந்தத்தில், விலைவாசி ஏறினால் கூலியும் தானாக ஏறும், ஓய்வூதியமும் உண்டு. அந்தச் சம்பளத்தில் சின்ன வீடு, ஒரு கார், மனைவி வீட்டில் என்று வாழ முடிந்தது. ஆனால் அன்றும் மூன்றில் ஒரு பெண் வேலைக்குப் போனார். கறுப்பினப் பெண்களில் இன்னும் அதிகம் பேர், அவர்களில் மிகப் பலர் வெள்ளையர் வீடுகளில் துணி துவைத்து, சமைத்து, குழந்தை பார்த்தவர்கள். மேலே சொன்ன குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்கு வெளியே 1974 வரை இருந்தவர்கள் இவர்கள்தான்.

கடைசிக் கேள்வி, அங்கே போய் குடியேறியிருந்தால்? 1946-ல் வந்த சட்டம் இந்தியாவுக்கு ஒதுக்கியது ஆண்டுக்கு 100 பேர், மொத்த நாட்டுக்கும். 1965 சட்டம் வரும்வரை நிலைமை பெரிதாக மாறவில்லை. 1920-ல் மாணவராகப் போன பஞ்சாபியர் தலிப் சிங் சௌந்த், பெர்க்லியில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியும் கலிஃபோர்னியாவில் கீரை பயிரிட்டுத்தான் பிழைத்தார். அவருக்குக் குடியுரிமை கிடைத்தது 1949-ல். ஏழே வருடத்தில், 1956 தேர்தலில் வென்று, அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போன முதல் ஆசியர் ஆனார்.