ப்ளஸ் ஒன் பையன் சண்டைக்கும் போகல, ஹெச்எம் கேட்ட கையெழுத்தும் போடல, இப்ப என்ன பண்றது?

கேள்வி: வியாசர்பாடியில இருந்து எழுதுறேன். என் பையன் கவர்மெண்ட் ஸ்கூல்ல ப்ளஸ் ஒன் படிக்கிறான். வேற ஸ்கூல் பசங்கள அடிக்கணும் வாடான்னு க்ளாஸ் பசங்க கூப்பிட்டிருக்காங்க, இவன் வரலன்னுட்டான். அன்னிலேர்ந்து யாரும் பேசுறதில்ல, பயந்தாங்கொள்ளின்னு ஓட்டுறாங்க. ஆனா சண்ட நடந்த பஸ்ல இவனும் இருந்தான். அதனால ஹெச்எம் கூப்பிட்டு, எல்லாரு பேரையும் எழுதிக்குடு, இல்ல நானும் அடிச்சேன்னு எழுதி கையெழுத்து போடு, ரெண்டும் முடியாதுன்னா டிசி வாங்கிட்டு போன்னு சொல்லிட்டாரு. பையன் எதுவும் எழுதல. வீட்டுக்காரரு கையெழுத்து போட்டு முடிச்சு வுடுன்றாரு. நான் என்ன பண்ணட்டும்?

பதில்:

அக்கா, அந்தக் கையெழுத்த மட்டும் போட விடாதீங்க. ஒரு மன்னிப்பு லெட்டர் தானேன்னு உங்க வீட்டுக்காரரு நெனைக்கிறாரு, புரியுது, ஆனா பண்ணாதத பண்ணேன்னு எழுதுன பேப்பர் ஸ்கூல் ஃபைல்ல அப்படியே கெடக்கும், நாளைக்கு அடிபட்ட பையன் வீட்டுலேர்ந்து போலீஸ்ல கம்ப்ளைண்ட் போச்சுன்னா மொதல்ல வெளிய வர்றது அந்த பேப்பர் தான். உங்க பையன் இத எப்படியோ புரிஞ்சு வெச்சிருக்கான், பசங்க கிட்டயும் பெரியவங்க கிட்டயும் ஒரே வாரத்துல முடியாதுன்னு சொல்றதுக்கு பதினாறு வயசுல எவ்ளோ தைரியம் வேணும். அத வீட்டுல வாய்விட்டு அவன் கிட்ட சொல்லுங்க, அப்பாவையும் சொல்லச் சொல்லுங்க.

கையெழுத்து போட மாட்டான்னு மட்டும் சொன்னா ஹெச்எம்முக்கு அது திமிரா தான் தெரியும், அதனால கையில வேற ஒரு பேப்பரோட போங்க. பையனே அவன் கையெழுத்துல ஒரு பக்கம் எழுதட்டும்: என்னைக்கு, எந்த பஸ், எங்க ஏறினான், எங்க நின்னான், என்ன பாத்தான், எங்க எறங்கினான், யாரையும் அடிக்கல, முன்னாடியே கூப்பிட்டப்பவும் வரலன்னு சொன்னான். அவ்ளோதான். கீழ அவனும் போடணும், நீங்க ரெண்டு பேரும் போடணும். ரெண்டு காப்பி எடுத்துட்டு போங்க, ஒண்ணுல பெற்றுக்கொண்டோம்னு தேதியோட சீல் வாங்கிக்கோங்க, குடுக்க மாட்டேன்னாங்கன்னா அதையே ஸ்பீட் போஸ்ட்ல ஸ்கூலுக்கு அனுப்பிடுங்க. குரல உசத்தாதீங்க, சார் சார்னே பேசுங்க.

பேரு விஷயம் கொஞ்சம் சிக்கல். நாலு பேர் முன்னாடி பேரு எழுத வெச்சா அடுத்த நாள் பஸ் ஸ்டாப்ல அவனுக்குத்தான் அடி விழும், அவன் பயப்படுறதுல நியாயம் இருக்கு. ஆனா யாரோ பையில கத்தி வெச்சிருக்கான், இல்ல திரும்ப அடிக்க நாள் குறிச்சிருக்காங்கன்னு அவனுக்கு தெரிஞ்சா அது காட்டிக்குடுக்குற கணக்குல வராது, ஒரு உயிர் போயிடக்கூடாதுன்னு சொல்றது அது. அத ஹெச்எம் கிட்ட நீங்க கூட இருக்கப்ப தனியா, வாயால சொல்லட்டும், இவன் பேரு வெளிய வரக்கூடாதுன்னு நீங்க கேளுங்க. ஸ்கூல்ல நம்பிக்கை இல்லன்னா 1098-க்கு போன் பண்ணுங்க, குழந்தைங்களுக்கான நம்பர், 24 மணி நேரமும் எடுப்பாங்க.

டிசி பத்தி உள்ளத உள்ளபடி சொல்லிடுறேன். ஸ்கூல விட்டு வெளிய அனுப்பக்கூடாதுன்னு 2009 கல்வி உரிமைச் சட்டத்துல இருக்கே, அது எட்டாவது வரைக்கும் தான், ப்ளஸ் ஒன்னுக்கு அத காட்ட முடியாது. அதுக்காக விசாரிக்காம, பெத்தவங்க பேச்ச கேக்காம பயமுறுத்தி அனுப்புறத ஏத்துக்கணும்னு இல்ல. மொதல்ல பள்ளி மேலாண்மைக் குழுவுல இருக்குற ஒரு அம்மாவ பாருங்க, அந்தக் குழுவுல முக்கால்வாசி பேரு பெற்றோர் தான், உங்க தெருவுலயே ஒருத்தர் இருப்பாங்க. அப்பறம் 14417, ஸ்கூல் எஜுகேஷன் டிபார்ட்மெண்ட் ஹெல்ப்லைன். அதுக்கும் மேல மாவட்டக் கல்வி அலுவலர் கிட்ட மனு. இது போலீஸ் வரைக்கும் போனா பதறாதீங்க, 2015 சிறார் நீதிச் சட்டப்படி 18 வயசுக்கு கீழ உள்ளவங்கள லாக்கப்ல வெக்கக்கூடாது, ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் குழந்தைகள் நல காவல் அலுவலர்னு ஒருத்தர் இருக்கணும், அவரு தான் பேசணும்னு கேளுங்க.

இப்ப பசங்க விஷயம், எனக்கு இது தான் பெருசா படுது. 2005-ல அமெரிக்காவுல கார்ட்னர், ஸ்டெய்ன்பர்க்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க கார் ஓட்டுற கம்ப்யூட்டர் கேம் வெச்சு பாத்தாங்க, 13லேர்ந்து 16 வயசு பசங்க தனியா ஆடுறப்ப விட ஃப்ரெண்ட்ஸ் பக்கத்துல இருக்கப்ப கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ரிஸ்க் எடுத்தாங்க, பெரியவங்க கிட்ட அந்த வித்தியாசமே இல்ல. ஃபுட்போர்டுல தொங்குறவன் வீட்டுல நல்ல பையனா இருக்குறது இதனால தான், அவன ரவுடின்னு முத்திரை குத்த வேணாம்.

இன்னொண்ணு, 1950கள்ல சாலமன் ஆஷ்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர் பண்ண சோதனை. கோடு எது நீளம்னு கேட்டு, கூட இருக்குறவங்க எல்லாம் வேணும்னே தப்பா சொன்னாங்க, மூணுல ஒரு பங்கு தடவ தனியா மாட்டுனவரும் அதே தப்ப சொன்னாரு. கூட ஒரே ஒருத்தர் சரியா சொன்னவொடனே அந்த தப்பு முன்னாடி இருந்ததுல கால்வாசியா கொறைஞ்சுது. ஸ்டான்லி மில்கிராம் மேலதிகாரிய வெச்சு பண்ண சோதனையும் அப்படித்தான், இன்னொருத்தருக்கு கரண்ட் ஷாக் குடுன்னு சொன்னப்ப (நெஜ ஷாக் இல்ல, ஆனா அது குடுக்குறவங்களுக்கு தெரியாது) 40 பேர்ல 26 பேர் கடைசி வரைக்கும் குடுத்தாங்க, பக்கத்துல ரெண்டு பேரு மாட்டோம்னு எழுந்ததும் 40-ல 4 பேர் தான் கடைசி வரைக்கும் போனாங்க.

அதனால க்ளாஸ் மொத்தத்தையும் சரி பண்ணணும்னு அலையாதீங்க, அவன் கூட ஒருத்தன் நிக்கணும், அது போதும். சண்டைக்கு போகாதவன் இவன் மட்டுமா இருக்க மாட்டான், வாய தொறக்காம ஒதுங்கினவன் ரெண்டு பேராவது இருப்பான், யாருன்னு பையனையே கேளுங்க, அந்த பையன் வீட்டுக்கு நீங்க போய் அவங்க அம்மா கிட்ட பேசுங்க. ரெண்டு பேரும் சேந்து பஸ் ஏறட்டும், கொஞ்ச நாள் அந்த டைம் பஸ்ஸ விட்டுட்டு முன்னாடி பஸ்ல போகட்டும். திரும்ப கூப்பிட்டா நீளமா காரணம் சொல்ல வேணாம், "இல்லடா, நான் வரல"ன்னுட்டு நடந்துட்டே இருக்கணும், நின்னு வாதம் பண்ணா அவங்களுக்கு தான் ஆட்டம். ஸ்கூலுக்கு வெளிய ஒரு கூட்டமும் வேணும் அவனுக்கு, உங்க ஏரியாவுல ஃபுட்பால் ஆடாத கிரவுண்டு ஏது, கேரம் கிளப் இல்லாத தெரு ஏது, சாயங்காலம் அங்க நாலு பேரு இவன் பேர சொல்லி கூப்பிட்டாலே க்ளாஸ்ல பேசாததோட வலி பாதியாகும்.

சாப்பாடு எறங்காம, தூக்கம் இல்லாம, ஸ்கூலுக்கே போக மாட்டேன்னு ரெண்டு வாரத்துக்கு மேல இருந்தான்னா 14416-க்கு பண்ணுங்க, டெலி மானஸ்னு கவர்மெண்ட்டோட மனநல ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசுவாங்க, காசு கெடையாது. மேல சொன்ன 14417 வேற, இது வேற, மாத்திடாதீங்க.

ஹெச்எம்ம பாக்க நீங்க மட்டும் தனியா போகாதீங்க, வீட்டுக்காரர ஒரு நாள் லீவு போட சொல்லுங்க, அவரு முடியவே முடியாதுன்னா உங்க அண்ணன், தம்பி யாரையாவது கூட்டிட்டு, பையன நடுவுல உக்கார வெச்சு பேசுங்க.